இரண்டில் ஒன்று

ஜூன் 4

தம்பிக்கு,

ஒரு வாரமாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. கடைக்குப் போட்டால் உன் வீட்டுக்காரி எடுத்து, "அவரு ஏணி மேல இருக்காரு அண்ணி" என்கிறாள். ஒரு வாரமும் ஏணி மேலேயே குடியிருக்கிற ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போட்டாலும் ஒரு வரியாவது கண்ணில் படும்.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சித்தப்பாவுக்குக் குடலில் கட்டி என்றார்கள். அவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இது வம்சத்தில் இறங்கி வருகிற கோளாறு என்றார்கள். அப்பாவும் அதே குடலில்தான் போனார். "உங்க அப்பாவுக்கும் இதேதான் இருந்திருக்கணும். பிள்ளைங்க ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிக்கோங்க" என்று டாக்டர் சொன்னபோது நீயும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். நான் பண்ணிக்கொண்டேன். எனக்கு இல்லை என்று வந்தது. முதல் ஆளாக உனக்குத்தான் போன் போட்டேன். "எனக்கு இல்லடா!" என்று கத்தினேன். நீ "ஓ" என்றாய். ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அன்றிலிருந்து நீ ஏணி மேல்.

பொறாமை என்று நினைக்க மனம் வரவில்லை. பயம் என்றால் சொல், அதில் வெட்கம் என்ன? ரிசல்ட் வரும்வரை எனக்கும் வேலையில் மனம் நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பழ ஈ வளர்க்கிற ஈ அறையில் குப்பியின் பஞ்சை எடுத்துவிட்டு மூட மறந்தேன், முகத்தைச் சுற்றி ஈயாகப் பறந்தது. நான் எதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன் என்று உனக்குத் தெரியுமே. அப்பாவைக் கொண்டுபோன மரபணுவுக்குப் பழ ஈயில் ஓர் உறவுக்கார மரபணு இருக்கிறது. ஈயின் ஸ்டெம் செல், அதாவது தாய்ச் செல், இரண்டாகப் பிரியும்போது அது கோணாமல் நேராகப் பிரியும்படி பிடித்து நிறுத்துகிற வேலை அதற்கு. பிடி சரியாக இருந்தால் ஒன்று தாயாகவே தங்கும், மற்றது வேறு வேலைக்குக் கிளம்பும். பிடி தவறினால் இரண்டுமே தாயாகத் தங்கிவிடலாம். அப்புறம் கூட்டம் சேர ஆரம்பிக்கும். மனித உடம்பில் அந்த மரபணு இன்னும் பல வேலைகள் பார்க்கிறது, கெட்டால் குடலில் மொட்டு மொட்டாகக் கிளம்பும், விட்டுவைத்தால் அதில் ஒன்று புற்றாகும். முன்கூட்டியே தெரிந்தால் எடுத்துவிடலாம்.

போய் ரத்தம் கொடு. சின்ன ஊசிதான்.

அக்கா


ஜூன் 15

ஈக்காரி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பிள்ளைகள் தபால்தலையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டார்கள்.

உனக்கு இல்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். சத்தியமாகச் சொல்கிறேன். பொறாமை என்று இன்னொரு முறை எழுதினால் உன் வீட்டு ஃப்ரிட்ஜ் செத்தாலும் எட்டிப் பார்க்க மாட்டேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிறது. வயிற்று வலி கிடையாது, ரத்தம் கிடையாது, எடை கிலோ கணக்கில் கூடியிருக்கிறது. வெயில் வந்ததும் ஊரில் உள்ள ஃப்ரிட்ஜெல்லாம் பேசி வைத்ததுபோல ஒரே நாளில் படுத்துக்கொண்டன. இதில் ஊசிக்கு எங்கே நேரம்? சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்க வேண்டும்?

கடையில் ஒரு மாற்றம். உன் தம்பி பொண்டாட்டிக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறேன். கேஸ் நிரப்புவது, மீட்டர் பார்ப்பது, செப்புக் குழாயைப் பற்றவைப்பது. "எனக்கு எதுக்குங்க இதெல்லாம், நீங்க இருக்கீங்கல்ல?" என்கிறாள். ஆனாலும் கற்றுக்கொள்கிறாள். என்னைவிடச் சுத்தமாகப் பற்றவைக்கிறாள், அதை அவளிடம் சொல்லிவிடாதே.

ஒன்று கேட்கிறேன். சும்மாதான் கேட்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பெரியவளை நீ பார்த்துக்கொள்வாயா? சின்னவன் அம்மாவோடு இருந்துகொள்வான், அவனைப் பற்றிக் கவலையில்லை. பெரியவளுக்குத்தான் டாக்டர், ஆஸ்பத்திரி என்று விவரம் தெரிந்த ஆள் ஒருத்தி பக்கத்தில் வேண்டும்.

போன விடுமுறைக்கு வந்தபோது களிமண்ணை உருட்டிக் கடுகு பதித்துப் பிள்ளைகளுக்கு ஏதோ காட்டினாயே, இருவரும் இன்னமும் அதைத்தான் விளையாடுகிறார்கள். வீடெல்லாம் கடுகு. அன்றைக்குக் கதவோரம் நின்று நானும் பார்த்தேன். நன்றாகவே புரிந்தது.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. கல்லைத் தின்றால் செரிக்கிறது என்கிறாய், அதே கையோடு உன் மனைவிக்குக் கடையை நடத்தக் கற்றுக் கொடுக்கிறாய். இது என்ன கணக்கு?

முதலில் கல்லைப் பற்றிப் பேசுவோம். எங்களிடம் ஒரு வகை ஈ இருக்கிறது, அதன் சிறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் உள்ளே இருக்கிறது என்பதற்கு அந்தச் சுருள்தான் எங்களுக்கு அடையாளம். சிறகு சுருண்டிருந்தால் ஒரு பக்கம், நேராக இருந்தால் மறு பக்கம் என்று பிரஷ் நுனியால் தள்ளித் தள்ளிப் பிரிப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளிர்ப் பெட்டியில் வளர்ந்த ஈக்களை என்னிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் சிறகு நேராக இருந்தது. 'இல்லை' என்று மொத்தத்தையும் ஒரே குப்பியில் அடைத்தேன். அதை வைத்து மாதக்கணக்கில் சோதனை செய்தோம், ஒன்றும் ஒன்றோடு ஒத்துவரவில்லை. கடைசியில்தான் உறைத்தது. குளிரில் வளர்ந்தால் அந்தச் சிறகு சுருளாமலே இருந்துவிடும். குரோமோசோம் உள்ளேதான் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். எல்லாக் குப்பிகளையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

நீ ஃப்ரிட்ஜ்காரன், உனக்கு இது புரிய வேண்டும். குளிர் எதையும் தள்ளிப்போடும், இல்லாமல் ஆக்காது. நம் குடும்பத்தில் இருக்கிற வகையும் மெதுவாக வருகிற வகைதான். அப்பாவும் சாகிற வருடம்வரை கல்லைத் தின்று செரித்தவர்தான். உன் சிறகு நேராக இருப்பதைக் காட்டி என்னை ஏமாற்றாதே.

அடுத்தது பெரியவள். ஏன் அவள் மட்டும்? சின்னவனைப் பற்றி ஏன் கவலை இல்லை? நேற்று உன் வீட்டுக்காரி தானாகவே போன் செய்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணி, அவரு பெரியவகிட்ட முகம் கொடுத்தே பேசறதில்ல. நோட்ட தூக்கிட்டு வந்தா, அம்மாகிட்ட கேளுன்னு அனுப்பிடறாரு. ஆனா அவ தூங்கும்போது போய் நின்னு, வயித்த மெல்ல அழுத்திப் பாக்குறாரு. எனக்கு பயமா இருக்கு அண்ணி."

எனக்கும் பயமாக இருக்கிறது. எட்டு வயதுப் பெண்ணின் வயிற்றில் நீ எதைத் தேடுகிறாய்?

அக்கா


ஜூலை 9

அக்கா,

நீ இப்படி ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீதானே காட்டினாய்? சமையலறை மேசையில் களிமண்ணை உருட்டி, ஒரு பக்கம் மட்டும் கடுகைப் பதித்து, "இதான் தாய்ச் செல், இப்ப ரெண்டாகப் போகுது பாருங்க" என்று கத்தியால் அறுத்தாய். ஒரு பாதியில் அத்தனை கடுகும் இருந்தது. மறு பாதி மழமழவென்று இருந்தது. "ஒண்ணுக்குப் போனா இன்னொண்ணுக்குக் கிடையாது" என்றாய். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்பா ஒருவர். நாம் இருவர். அவரிடம் இருந்தது யாராவது ஒருவருக்குத்தானே போயிருக்க வேண்டும்? "எனக்கு இல்லடா" என்று நீ கத்தியபோது எனக்கு என்ன சேதி சொன்னாய் என்று உனக்கே தெரியவில்லையா? அதையும் சிரித்துக்கொண்டு சொன்னாய். கையில் இருந்த ஸ்பேனர் விழுந்துவிட்டது. உன்மேல் கோபம் இல்லை. இரண்டில் ஒன்று என்றால் அது நானாக இருந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. அதைப் போனில் சொல்லத் தெரியவில்லை, அதனால் போனை எடுக்கவில்லை. தெரிந்த ரிசல்ட்டுக்கு ஊசி எதற்கு?

ஆனால் பிள்ளைகளும் இரண்டு பேர், அக்கா. எனக்குப் பிறகு யார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பெரியவளுக்கு என் மூக்கு, என் இடது கைப் பழக்கம், கோபம் வந்தால் காது சிவப்பதுகூட என்னைப் போலவே. சின்னவன் அப்படியே அவன் அம்மா. கூட்டிக் கழித்துப் பார்க்க ஈக்காரி வேண்டியதில்லை. சின்னவன் தப்பிவிட்டான். மாட்டிக்கொண்டது அவள்.

அவள் ஓடி வந்து மடியில் ஏறினால் உட்காரவைக்க முடியவில்லை. கையைப் பிடித்தால் நான்தான் அவளுக்கு இதைக் கொடுத்தேன் என்று தோன்றுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாய். சொல்லிக்கொள். என் வீட்டுக்குள் அது அவள் முகத்தோடு வளைய வருகிறது.

தம்பி


ஜூலை 13

என் தங்கத் தம்பிக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

நீ நினைத்தது தப்பு. முழுத் தப்பு. நான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிறேன் என்று கதவோரம் நின்ற உன் தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஈ அறையில் எல்லார் முன்னாலும் அழுதேன்.

அந்தக் களிமண் உருண்டை அப்பா அல்ல. அது ஒரே ஒரு செல். ஒரு உடம்புக்குள் ஒரு செல் இரண்டாகிற கதை அது. கடுகும் மரபணு அல்ல. அந்தச் செல் பிரியும்போது மரபணு இரண்டு பாதிக்கும் சமமாகத்தான் போகிறது, அதில் வஞ்சனை இல்லை. 'நீ தாயாகவே இரு, நீ போய் வேறு வேலையைப் பார்' என்று உத்தரவு போடுகிற சரக்குதான் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்தச் சரக்குக்குத்தான் கடுகு வைத்தேன்.

அப்பா நம்மைக் கத்தியால் இரண்டாக அறுத்துப் பெறவில்லை. நான் பிறந்தபோது ஒரு தடவை காசைச் சுண்டினார். பூ விழுந்தது, நான் தப்பினேன். ஐந்து வருடம் கழித்து நீ பிறந்தபோது இன்னொரு தடவை சுண்டினார். உன் காசுக்கு என் காசைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எனக்கு இல்லை என்பதால் உனக்கு இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. உன் பிள்ளைகளுக்கும் அப்படியே, தனித்தனிக் காசு. மூக்குக்கும் இடது கைக்கும் இதில் வேலையே கிடையாது. முகம் யாரைப் போல இருக்கிறது என்று பார்த்து யாரும் குடலைக் கண்டுபிடிக்க முடியாது.

என்னை நம்ப வேண்டாம். கடை மேசையில் இரண்டு காசை எடுத்துச் சுண்டிப் பார். ஒன்றில் பூ விழுந்தால் மற்றது தலையாகத்தான் விழுகிறதா என்று பார்.

பிறகு போய் ரத்தம் கொடு. அதை மட்டும் தள்ளிப்போடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் புறப்பட்டு வருகிறேன்.

அக்கா


ஜூலை 24

அக்காவுக்கு,

கடிதம் வந்ததும் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின் தலைமேல் இரண்டு காசைச் சுண்டினேன். முதல் தடவையே இரண்டும் பூ.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் தம்பி பொண்டாட்டி ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயினை அணைக்க ஓடினாள். அவளைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா கதை அவளுக்குத் தெரியும், என் கணக்குத்தான் தெரியாது. கேட்டு முடித்துவிட்டு, "இத்தன நாளா இத மனசுல வெச்சுக்கிட்டா என் பொண்ண தள்ளி விட்டீங்க?" என்று முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடுத்த நிமிடம் கட்டிக்கொண்டு அழுதாள்.

இரண்டும் பூவாக விழலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. இத்தனை நாளும் தோன்றவே இல்லை.

மறுநாளே போனோம். ரத்தம் எடுக்கிற இடத்தில் நீல நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எதிரில் ஏசி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. வடிகால் குழாய் அடைப்பு, ஐந்து நிமிட வேலை. எழுந்து போய்ச் சரி செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸ், "சார், முடிஞ்சு போச்சு, கண்ண தொறங்க" என்று சிரித்தாள். ரிசல்ட் வர மூன்று வாரமாகுமாம். குடலுக்குள் கேமரா விட்டும் பார்க்கப் போகிறார்கள்.

நீ வர வேண்டாம். வந்தால் பிள்ளைகள் ஏன் எதற்கு என்று துருவுவார்கள். ரிசல்ட் வரட்டும்.

பெரியவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கழித்தல் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். விடை தப்பாம், டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறாள்.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

அந்த டீச்சருக்கு என் சார்பில் ஒரு வணக்கம்.

நீ வர வேண்டாம் என்றாய், வரவில்லை. ஆனால் இங்கே இருந்தும் பயனில்லை. இன்று காலை அந்த மரபணு கெட்ட ஈ ஒன்றைத் திறந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நேராகப் பிரிய வேண்டிய செல்கள் கோணலாகப் பிரிந்து, கிளம்பிப் போக வேண்டியதும் போகாமல், இருக்கிற இடத்தில் நெருக்கியடித்து நின்றன. தினம் பார்க்கிறதுதான். இதைப் பார்த்து 'அழகா வந்திருக்கு' என்று படம் எடுத்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறேன். இன்று படம் எடுக்க முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன்.

என் உடம்பில் இல்லை என்று தெரிந்தும் எனக்குப் பயம் விடவில்லை. எனக்கு இருந்து உனக்கு இல்லை என்று வந்திருந்தால் இவ்வளவு பயந்திருப்பேனா என்று யோசிக்கிறேன். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நீ பிறந்த அன்று அப்பா உன்னை என் மடியில் வைத்து, "கீழ போட்டுடாதடி" என்றார். அன்று தொற்றிய பயம், வேறு ஒன்றுமில்லை.

காசைப் பற்றி நீ எழுதியதில் ஒரு பாதிதான் இருந்தது. மறு பாதியை நான் எழுதப் போவதில்லை.

ரிசல்ட் வந்ததும் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. ஏணி மேல் ஏறிக்கொள்ளாதே.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

இருக்கிறது.

முதலில் அதை எழுதிவிட்டேன், இனி மற்றதை நிதானமாக எழுதலாம். கேமரா விட்டுப் பார்த்ததில் முப்பதுக்குமேல் மொட்டு இருக்கிறதாம். சிலவற்றைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள், அவை இன்னும் புற்றாக மாறவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா நாம வேற மாதிரி பேசிட்டு இருப்போம்" என்றார் டாக்டர். வருகிற வியாழக்கிழமை பெருங்குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். அது இல்லாமலும் மனிதன் ஓடுவானாம். இவ்வளவு பெரிய பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிற மெஷினை நான் இதுவரை பார்த்ததில்லை. கடையை உன் தம்பி பொண்டாட்டி பார்த்துக்கொள்கிறாள். வாடிக்கையாளர்கள் அவளைத்தான் கேட்டு வருகிறார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல், அதற்கு ஆபரேஷன் கிடையாது.

'பார்த்தாயா, இரண்டில் ஒன்று என்று சொன்னேனே' என்று ஒரு நிமிடம் பழைய புத்தி தலைதூக்கியது. உடனே காசை எடுத்துச் சுண்டினேன். இப்போதெல்லாம் சட்டைப் பையில் இரண்டு காசு வைத்திருக்கிறேன்.

அப்படிச் சுண்டிக்கொண்டிருந்தபோதுதான், அக்கா, இரண்டும் தலையாக விழுந்தது. நீ எழுதாமல் விட்ட மறு பாதி அப்போதுதான் எனக்கு எட்டியது. என் பைத்தியக்காரக் கணக்கில் ஒரு நிம்மதி ஒளிந்திருந்திருக்கிறது. ஒருத்திக்குப் போனாலும் இன்னொருவன் நிச்சயம் தப்பினான் என்று இருந்தேன். சின்னவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது அதனால்தான். இப்போது அது இல்லை. இரண்டு பேருக்கும் இல்லாமல் போகலாம். இரண்டு பேருக்கும் இருக்கவும் செய்யலாம். நீ சொல்லிக் கொடுத்தது சரிதான், ஆனால் அதற்காக உன்மேல் அன்று முழுக்கக் கோபமாக இருந்தேன்.

பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் அவர்களையும் பார்க்க வேண்டுமாம். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

நேற்று இருவரையும் கூட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்தேன். பெரியவள் ஒரு கை, சின்னவன் ஒரு கை. "அப்பா, கை வலிக்குது, ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிற?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எந்தக் கையையும் தளர்த்த முடியவில்லை. இப்போது இரண்டு பேருக்காகவும் பயப்படுகிறேன், அக்கா. சமமாக.

ஈக்களை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு புதன்கிழமைக்குள் வந்துவிடு.

தம்பி